ஆறு மணிக்கு மேல்

வேலைக்கு அப்ளிகேஷன் போட்டாலும் சரி, பெண் வீட்டாருக்கு ஜாதகத்தோடு பயோடேட்டா அனுப்பினாலும் சரி, கடைசியில் ஒரு கட்டம் வந்து நம்மை முறைக்கும். ‘பொழுதுபோக்கு’ என்று கேட்டிருக்கும். பெரும்பாலோர் ‘புத்தகம் படிப்பது, பாட்டுக் கேட்பது’ என்று எழுதிவிட்டு சட்டென்று கையெழுத்துப் போடும் இடத்துக்குத் தாவிவிடுவார்கள். “கடைசியாப் படிச்ச புத்தகம் என்ன தம்பி?” என்று எதிரே இருப்பவர் கேட்டுவிட்டால் போச்சு. மென்று விழுங்க வேண்டியதுதான்.

என் ஆபீஸில் அக்கவுன்ட்ஸ் செக்‌ஷன் நண்பர் ஒருவர் இருக்கிறார். மார்ச் மாசக் கடுப்பில் அவர் சொன்ன பொன்மொழி: “உத்தியோகம்னா காலேஜ் லெக்சரர் உத்தியோகம்தான் சார். அதுலயும் இலக்கியம், நாடகம் நடத்தறவர்னா கேட்கவே வேண்டாம். நாள் பூரா கதை சொல்லிட்டு நாலு மணிக்கு வீட்டுக்குப் போயிடலாம். அவருக்குத் தனியா பொழுதுபோக்கு வேற எதுக்கு?”

நியாயமான கேள்வி. நாலு மணிக்கு வீட்டுக்குப் போன ஒரு லெக்சரர் அதற்கு மேல் என்ன செய்தார் என்று சொல்கிறேன். அதைக் கேட்டால் நண்பருக்கு அக்கவுன்ட்ஸ் செக்‌ஷனே தேவலை என்று தோன்றலாம்.

சென்னை கிறிஸ்தவக் கல்லூரி இப்போது தாம்பரத்தில் மரமும் மானுமாக இருக்கிறது. 1937-க்கு முன்னால் அது இருந்தது பாரிமுனைப் பக்கம் எஸ்பிளனேடில், ஹைகோர்ட்டுக்கு எதிரே. அங்கே 1890-களில் தமிழ் நடத்தியவர் வி.கோ. சூரியநாராயண சாஸ்திரியார். மதுரைப் பக்கம் விளாச்சேரியில் 1870-ல் பிறந்தவர். இந்தப் பெயர் சொன்னால் தெரியாதவர்களுக்குக்கூட இன்னொரு பெயர் தெரிந்திருக்கும். பரிதிமாற் கலைஞர்!

அந்தக் கல்லூரியின் பிரின்சிபால் வில்லியம் மில்லர் ஸ்காட்லாந்துக்காரர். ஷேக்ஸ்பியர் பைத்தியம். லியர், மேக்பெத், ஹாம்லெட் என்று புத்தகம் புத்தகமாக எழுதித் தள்ளியவர். அவர் வகுப்பில் நடந்ததாக ஒரு கதை சொல்வார்கள். டென்னிசனின் கவிதை நடத்திக்கொண்டிருந்தாராம் மில்லர். சாகக்கிடக்கும் ஆர்தர் ராஜாவை ஏற்றிக்கொண்டு படகு அன்னம்போல நகர்கிறது. “இப்படி ஒரு உவமை உங்கள் தமிழில் உண்டா?” என்று கேட்டாராம். நம்ம ஆள் எழுந்து, குகன் ஓட்டிய படகு கங்கையில் அன்னத்தின் நடையில் போனதைக் கம்பன் எப்போதோ பாடிவிட்டான் என்று பாட்டோடு எடுத்து விட்டாராம். மில்லர் அசந்து போனாராம்.

இத்தனை ‘ராம்’ போட்டுச் சொல்லக் காரணம், இந்த மாதிரிக் கதைகள் வாய்க்கு வாய் வளரும் என்பதுதான். ஆனால் அதற்குப் பிறகு நடந்தது கதை அல்ல. 1892-ல் பி.ஏ. தேறினார். மில்லர் அவருக்குத் தத்துவ ஆசிரியர் வேலையைத் தர முன்வந்தார், அவர் தமிழ் ஆசிரியர் வேலைதான் வேண்டும் என்று வாங்கிக்கொண்டார் என்று அவர் வாழ்க்கையை எழுதியவர்கள் சொல்கிறார்கள்.

இது எவ்வளவு பெரிய அசட்டுத் துணிச்சல் என்பது நமக்கு உடனே உறைக்காது. அன்றைக்குக் கல்லூரியில் இங்கிலீஷில் பாடம் நடத்துபவர்தான் கோட்டு, தலைப்பாகை, மரியாதை எல்லாவற்றுக்கும் சொந்தக்காரர். தமிழ்ப் பண்டிதர் என்றால் சம்பளமும் கம்மி, மதிப்பும் கம்மி. தமிழ் வகுப்பு பையன்கள் இளைப்பாறும் நேரம் என்று பேர். ஏ.சி. ரூம் சீட்டை வேண்டாம் என்று சொல்லிவிட்டு ரெக்கார்டு ரூமுக்கு மாற்றல் கேட்டு வாங்கிப் போகிற ஆளை உங்கள் ஆபீஸில் பார்த்திருக்கிறீர்களா? அந்த ரகம்.

சரி, பகலில் பாடம். சாயங்காலம்?

முதலாவது, தமிழில் ஆர்வம் உள்ள பையன்களைப் பொறுக்கி எடுத்துத் தன் வீட்டுக்கே வரச்சொல்லித் தனியாகப் பாடம். ட்யூஷன் ஃபீஸுக்காக இல்லை. ‘இயற்றமிழ் மாணவர்’ என்று அவர்களுக்கு ஒரு பட்டமே வைத்திருந்தார். இரண்டாவது, நண்பர் மு.சி. பூர்ணலிங்கம் பிள்ளையோடு சேர்ந்து ‘ஞானபோதினி’ என்ற மாதப் பத்திரிகை. மூன்றாவது, நாவல். ‘மதிவாணன்’ அவர் எழுதியது. நான்காவது, இங்கிலீஷில் ‘சானெட்’ என்கிற பதினான்கு வரிக் கவிதை மாதிரி தமிழில் செய்து பார்த்தது. அந்தத் தொகுப்புக்கு ‘தனிப்பாசுரத் தொகை’ என்று பெயர். திருக்குறளையும் திருவாசகத்தையும் இங்கிலீஷில் தந்த ஜி.யு. போப் இதையும் மொழிபெயர்த்தார்.

இந்த இடத்தில் ஒரு சின்ன விஷயத்தைச் சரிசெய்துவிடலாம். அவர் தமிழ்ப் பற்றில் பெயரையே மாற்றிக்கொண்டு ஆயுசு பூராவும் பரிதிமாற் கலைஞராகவே இருந்தார் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். சூரியன் - பரிதி, நாராயணன் - மால், சாஸ்திரி - கலைஞர் என்று பிரித்துப் பார்த்தால் கணக்கு அழகாகத்தான் வருகிறது. ஆனால் அந்தப் பெயரை அவர் போட்டுக்கொண்டது அந்தப் பாசுரத் தொகுப்புக்குத்தான். மற்ற புத்தகங்களில் எல்லாம் சூரியநாராயண சாஸ்திரியேதான். காரணம் என்ன தெரியுமா? காலேஜ் வாத்தியார் எழுதியது என்று தெரிந்தால் தாட்சண்யத்துக்குப் பாராட்டுவார்கள். யாரோ ஒருவர் எழுதியது என்றால்தான் உள்ளதைச் சொல்வார்கள்! கவிதை எழுதி நண்பரிடம் கொடுத்து, “நல்லாருக்குடா” என்ற ஒரு வார்த்தையில் நொந்துபோன அனுபவம் உள்ளவர்களுக்கு இந்த யோசனையின் அருமை புரியும்.

ஐந்தாவதுதான் முக்கியம். நாடகம்.

அந்தக் காலத்தில் நாடகம் என்றால் ராத்திரி பத்து மணிக்கு ஆரம்பித்து விடிய விடியப் பாட்டு. நடிப்பவனுக்கு ஊர் வைத்த பெயர் ‘கூத்தாடி’. வாடகைக்கு வீடு கிடைக்காது, பெண் கிடைக்காது. (சினிமா உதவி டைரக்டர்களிடம் விசாரித்தால், பெரிய மாற்றம் ஒன்றும் இல்லை என்பார்கள்!) படித்த மனிதர்கள் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுப்பதில்லை. 1891-ல் பெல்லாரியிலிருந்து ஒரு தெலுங்கு நாடகக் குழு சென்னைக்கு வந்தது. மேடையில் வேஷம் கட்டியவர்கள் வக்கீலும் உத்தியோகஸ்தருமாகப் படித்தவர்கள். அதைப் பார்த்துப் பிரமித்த பதினெட்டு வயசுப் பையன் ஒருவன் அதே வருஷம் சிநேகிதர்களைச் சேர்த்துக்கொண்டு ‘சுகுண விலாச சபா’ ஆரம்பித்தான். பிற்பாடு கோர்ட்டில் ஜட்ஜாக உட்கார்ந்து, தொண்ணூறு சொச்சம் நாடகம் எழுதிய பம்மல் சம்பந்த முதலியார்தான் அந்தப் பையன்.

பம்மல் மேடையைப் பிடித்துக்கொண்டார். நம் லெக்சரர் பிடித்தது அடிப்படையை. 1892-ல் உ.வே. சாமிநாதையர் சிலப்பதிகாரத்தை உரையோடு அச்சிட்டு வெளியிட்டார். அந்தப் பழைய உரையைப் படித்தவர்களுக்கு ஒரு திடுக். தமிழில் நாடகத்துக்கென்றே இலக்கண நூல்கள் இருந்திருக்கின்றன, அவை அழிந்தும் போயிருக்கின்றன! ‘இயல், இசை, நாடகம்’ என்று மூச்சுக்கு மூச்சு சொல்கிறோம், மூன்றாவது பெட்டியைத் திறந்தால் காலி.

நாமாக இருந்தால் “அடடா” என்று சொல்லிவிட்டுக் காபி சாப்பிடப் போயிருப்போம். அவர் உட்கார்ந்து 1897-ல் ‘நாடகவியல்’ என்று புதிதாக ஒரு இலக்கண நூலையே எழுதினார். நாடகம் என்றால் என்ன, அதில் எத்தனை வகை, கதையை எப்படிக் கட்டுவது, பாத்திரங்கள் எப்படி என்று தொல்காப்பியம் மாதிரி நூற்பாக்களாகவே! வடமொழி நாடக நூல்களும் தெரியும், ஷேக்ஸ்பியரும் தெரியும் என்பதால் இரண்டு பக்கத்திலிருந்தும் சரக்கு எடுத்துக்கொண்டார். ‘இலக்கணம் சொன்னால் போதுமா, உதாரணம் வேண்டாமா?’ என்று தாமே நாடகமும் எழுதினார். ரூபாவதி, கலாவதி, மானவிஜயம்.

மூன்றாவதான மானவிஜயத்தின் அடிப்படை, களவழி நாற்பதோடு சேர்த்துச் சொல்லப்படும் சேர மன்னனின் கதை. போரில் தோற்றுச் சிறையில் கிடக்கிறான் கணைக்கால் இரும்பொறை. தாகம். தண்ணீர் கேட்கிறான். காவலாள் அலட்சியமாகத் தாமதித்துக் கொண்டுவந்து நீட்டுகிறான். ‘இப்படிக் கெஞ்சி வாங்கிக் குடித்து உயிர் வாழ்வதா?’ என்று குடிக்காமலே இறந்துபோகிறான். கான்டீனில் காபி லேட்டாக வந்தால் சப்ளையரை முறைத்துவிட்டு மறுபேச்சில்லாமல் குடிக்கிற நம் மானத்தை நினைத்துக்கொண்டேன்.

இதற்கிடையில் 1902-ல் ஒரு வம்பு. சென்னைப் பல்கலைக்கழகத்தில் மேல்படிப்பிலிருந்து தமிழ் முதலிய தாய்மொழிகளை எடுத்துவிடலாம் என்று ஒரு யோசனை கிளம்பியது. ஆபீஸ் பாஷையில் சொன்னால், அவர் செக்‌ஷனையே மூடுகிற மாதிரி. சாஸ்திரியாரும் பூர்ணலிங்கம் பிள்ளையும் எதிர்த்துக் கிளம்பினார்கள். தமிழ் சும்மா வீட்டில் பேசுகிற வட்டாரமொழி இல்லை என்று வாதாட வேண்டியிருந்தது. வாதாடினால் போதாது, ஆதாரத்தோடு எழுதி வைக்கவேண்டும். எழுதினார். ‘தமிழ் மொழியின் வரலாறு’ என்ற புத்தகம் 1903-ல் வந்தது. உயர்மொழி, தனிமொழி, செம்மொழி என்று மூன்று இலக்கணம் சொல்லி, மூன்றும் பொருந்துவதால் தமிழ் ‘உயர்தனிச் செம்மொழி’ என்று நிறுவினார்.

அதே 1903-ல், நவம்பர் 2-ம் தேதி இறந்துபோனார். காசநோய். வயசு முப்பத்து மூன்று.

இன்றைக்கு மாத்திரையில் அடங்குகிற நோய் அது. அதை அடக்கிய முதல் மருந்தான ஸ்ட்ரெப்டோமைசினைக் கண்டுபிடித்ததே 1943-ல்தான். நாற்பது வருஷம் முந்திப் பிறந்துவிட்டதற்கு யாரைக் குறை சொல்வது? அடுத்த வருஷம் பாரதியார் சுதேசமித்திரன் வேலைக்காகச் சென்னைக்கு வந்தபோது, பக்கத்துத் தெருக்களில் நடமாடியிருக்க வேண்டிய இந்த ஆள் இல்லை.

நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து கடைசி வரை பத்து வருஷம். சுமார் 3,650 சாயங்காலங்கள். அதில் ஜுரம், இருமல், கல்யாணம் கார்த்திகை, ஊருக்குப் போனது, பரீட்சைப் பேப்பர் திருத்தியது எல்லாம் கழித்தால் மிச்சம் எவ்வளவு இருக்கும்? அந்த மிச்சத்தில்தான் மூன்று நாடகம், ஒரு இலக்கணம், நாவல், கவிதை, பத்திரிகை, ஒரு மொழியின் வரலாறு.

‘ஆஹா’ என்று கைதட்டி இதோடு முடித்துக்கொண்டால் அது பள்ளிக்கூட மேடைப் பேச்சாகிவிடும். உள்ளதைச் சொல்லவேண்டும் என்று அவரே பெயரை மறைத்தவர் ஆயிற்றே, நாமும் உள்ளதைச் சொல்லிவிடுவோம்.

அவர் நாடகங்களை இன்று யார் போடுகிறார்கள்? நடை பண்டிதத் தமிழ். காதலன் காதலியிடம் ஒரு வாக்கியம் பேசி முடிப்பதற்குள் காபி ஆறிவிடும். அதே காலத்தில் சங்கரதாஸ் சுவாமிகள் எழுதிய பாட்டுகள் ஊர் ஊராகப் போயின. வள்ளி திருமணத்தை மதுரை, புதுக்கோட்டைப் பக்கத் திருவிழாக்களில் விடிய விடியக் கேட்டுத் தலையாட்டியவர்களுக்கு இலக்கணம் தேவைப்படவில்லை. தமிழ் நாடகத்துக்கு மூவர் என்று சங்கரதாஸரையும் பம்மலையும் சாஸ்திரியாரையும் சேர்த்துச் சொல்வார்கள். அந்த மூவரில் மேடையில் தங்காமல் நூலகத்தில் தங்கியவர் நம் லெக்சரர்தான்.

ஆனால் பாருங்கள், அவர் எழுதியதில் ஒரு சொல் மட்டும் நூலகத்தில் உட்கார மறுத்துவிட்டது. செம்மொழி. கூட்டம் போட்டார்கள், தீர்மானம் போட்டார்கள், டெல்லிக்கு மனு மேல் மனு போயிற்று. 2004 அக்டோபரில் மத்திய அரசு தமிழைச் செம்மொழி என்று அறிவித்தது. அவர் எழுதி நூற்றோரு வருஷம் கழித்து! 2006-ல் அவர் நூல்களைத் தமிழக அரசு நாட்டுடைமை ஆக்கியது. விளாச்சேரி வீடு நினைவில்லம் ஆயிற்று.

ராத்திரி விளக்கடியில் உட்கார்ந்து எழுதும்போது, இத்தனை காகிதத்தில் எது நிற்கும் என்று அவருக்குத் தெரிந்திருக்குமா? என்னைக் கேட்டால், ‘நாடகம்தான் நிற்கும்’ என்றுதான் நம்பியிருப்பார்.

நாடகம் நிற்கவேண்டும் என்றால் என்ன செய்யவேண்டும்? லெக்சரர் ஆசாமி நூலகத்திலிருந்து எழுந்து, கூத்து ஆடுகிறவனிடம் போய் உட்காரவேண்டும். அப்படிப் போன இரண்டு பேர் இலங்கையில், கண்டிக்குப் பக்கத்தில் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் இருந்தார்கள்.

முதல் ஆள் சிங்களவர். எதிரிவீர சரத்சந்திர. பேராசிரியர், இலக்கிய விமரிசகர். ஜப்பானுக்குப் போய் அங்குள்ள பழைய ‘நோ’, ‘கபுகி’ நாடகங்களைப் பார்த்தார். ‘நம்மூரிலும் இப்படி ஒன்று மண்ணில் கிடக்கிறதே’ என்று பொறி தட்டியது. ஊர் திரும்பி, ‘நாடகம’ என்ற கிராமத்து ஆட்டத்தில் கைதேர்ந்த ஓர் அண்ணாவியாரைத் தேடிப்பிடித்து, யுனிவர்சிட்டி பையன்களையும் பெண்களையும் அவரிடம் ஒப்படைத்தார். 1956 நவம்பரில் கொழும்பில் ‘மனமே’ என்ற நாடகம் மேடை ஏறியது. சிங்கள நாடகம் அன்றிலிருந்து வேறு பாதையில் போயிற்று என்பார்கள்.

இதில் நமக்கு என்ன என்கிறீர்களா? அந்த ‘நாடகம’ என்ற ஆட்டத்தின் பெயரைப் பாருங்கள். பெயர் மட்டுமில்லை, ஆட்டமே தமிழ்க் கூத்திலிருந்து போனது. இத்தனைக்கும் 1956 என்ன வருஷம்? ‘சிங்களம் மட்டுமே ஆட்சிமொழி’ என்று சட்டம் வந்த வருஷம். சட்டசபையில் கதவைச் சாத்திய அதே வருஷம், மேடையில் தமிழ்க் கூத்தின் கால்கள் சிங்களத்தில் ஆடின. இதை எழுதும்போது எனக்கு ஜோக் எதுவும் வரவில்லை.

இரண்டாவது ஆள் சு. வித்தியானந்தன், தமிழ்ப் பேராசிரியர். பக்கத்து டிபார்ட்மென்ட்காரர் நம்ம சொத்தை வைத்து இவ்வளவு செய்திருக்கிறாரே, நாம் என்ன செய்கிறோம் என்ற ரோஷம் வரத்தானே செய்யும்! மட்டக்களப்புப் பக்கம் கிராமங்களுக்குப் போனார். அங்கே விடிய விடியக் கூத்து ஆடிக்கொண்டிருந்தார்கள். கூத்தை ஆட்டுவிக்கும் அண்ணாவியாரைப் பல்கலைக்கழகத்துக்கே கூட்டி வந்தார். விடிய விடிய நடப்பதை மேடைக்கு ஏற்றபடி ஒன்றரை, இரண்டு மணி நேரமாகச் சுருக்கினார். 1962-ல் கர்ணன் போர், அடுத்த வருஷம் நொண்டி நாடகம், 1964-ல் இராவணேசன், 1968-ல் வாலிவதை. இராவணேசனில் ராவணனாக ஆடிய மட்டக்களப்பு மாணவர் மௌனகுரு. பிற்காலத்தில் அவரே பேராசிரியராகி இன்னொரு தலைமுறைக்குக் கூத்தைச் சொல்லிக்கொடுத்தார்.

சிலபஸில் ‘அண்ணாவியாரிடம் போய்ச் சம்மணம் போட்டு உட்காரவும்’ என்று எங்கும் எழுதியிருக்காது. பத்து மணிக்கு வந்து பாடம் நடத்திவிட்டுப் போயிருந்தாலும் சம்பளம் அதேதான். வித்தியானந்தனையும் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள், சாஸ்திரியாரையும் கேட்டிருக்க மாட்டார்கள்.

இந்தக் கதை முழுவதையும் அக்கவுன்ட்ஸ் நண்பரிடம் ஒரு லஞ்ச் டயத்தில் ஒப்பித்தேன். தயிர்சாதத்தை முடித்துவிட்டு அவர் சொன்னார்: “அவங்கள்லாம் லெக்சரர் சார். லீவு ஜாஸ்தி. நம்மள மாதிரி லெட்ஜரைக் கட்டிண்டு அழறவனுக்கு எங்கே நேரம்?”

“சார், மேஜர் சந்திரகாந்த் நாடகம் எழுதினப்போ பாலசந்தர் எங்கே வேலை பார்த்தார் தெரியுமா? ஏ.ஜி. ஆபீஸ்ல. உங்களைவிடப் பெரிய லெட்ஜர். நாகேஷ் ரயில்வேல கிளார்க்கா இருந்தவர். கிரேஸி மோகன் கிண்டியில இன்ஜினீயரிங் படிச்சுட்டுக் கம்பெனி வேலைக்குப் போய்க்கிட்டேதான் நாடகம் எழுத ஆரம்பிச்சார்.”

நண்பர் கொஞ்ச நேரம் பேசவில்லை. டிபன் பாக்ஸைக் கழுவிக்கொண்டு வந்தார்.

“சின்ன வயசுல நான் மிருதங்கம் கத்துண்டேன் சார். நாலு வருஷம். அப்புறம் வேலை கிடைச்சுது, விட்டுட்டேன்” என்றார்.

“மிருதங்கம் எங்கே இருக்கு?”

“பரண்லதான். எலி கடிச்சிருக்கும்.”

நேற்று சாயங்காலம் ஆறு அடித்ததும் பையை எடுத்துக்கொண்டு வழக்கத்தைவிட வேகமாகக் கிளம்பினார். “என்ன சார் அவசரம்?” என்றேன்.

“மிருதங்கத்துக்கு வார் பிடிக்கிறவர் மயிலாப்பூர்ல ஒருத்தர் இருக்காராம். ஏழரைக்குக் கடையைச் சாத்திடுவாராம்” என்று சொல்லிக்கொண்டே படியிறங்கிப் போய்விட்டார்.